கையைத் தூக்கினால் மூழ்கிவிடுவேன்

வழியில் யார் கேட்டாலும் கடலில் குளிக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள், 'கிமிதீம' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள் என்று எங்கள் சுழியோடி நண்பன் முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தான். சிங்களத்தில் கிமிதீம என்றால் நீருக்குள் மூழ்கிச் செல்வது. அந்தச் சொல்லுக்கு அப்போது வேறோர் அர்த்தமும் ஏறியிருந்தது. கப்பல்களின் அடியில் குண்டு வைக்கச் சுழியோடிகள் வருகிறார்கள் என்று வானொலியில் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தோம். போர் முடிவதற்கு முந்தைய ஆண்டு அது.

எங்கள் மூவருக்கும் நட்பு உண்டானதே தண்ணீரில்தான். ரத்னபுர மாவட்டத்தில், ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். தேயிலை மலை இறங்கி முடிகிற இடத்தில் ஓர் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். ஆறு வளையும் இடத்தில் பாறைகளுக்கு நடுவே ஆழமான ஒரு மடு இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து நான் இறங்கிப் போவேன். என்னோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த முஸ்லிம் நண்பன் ஒருவன் சைக்கிளில் வருவான். அவனுடைய வாப்பா கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மூன்றாமவன் அக்கரைச் சிங்களவன், அவனுக்கு வீடே மடுவை ஒட்டித்தான். அவனிடம் நாங்கள் சிங்களம் கற்றோம், எங்களிடம் அவன் தமிழில் திட்டக் கற்றான்.

பெரியவனானதும் அவன் மாலைதீவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனான். அங்கே ஸ்கூபா பழகி, பயிற்றுநராகவும் ஆகி, திரும்பி வந்து வெலிகமவில் கடற்கரையோரமாக ஒரு சின்ன இடம் எடுத்து வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் பலாங்கொடையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்கு வாத்தியார் ஆகியிருந்தேன். முஸ்லிம் நண்பன் வாப்பாவுக்குப் பின் கடையைப் பார்த்துக்கொண்டான். நாங்கள் இருவரும் அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு தடவை அவனிடம் போய்க் கரையோரத்தில், நெஞ்சளவு தண்ணீரில், சிலிண்டரை மாட்டிக்கொண்டு மூச்சுவிடப் பழகியிருந்தோம். பிறகு சண்டை மூண்டு வெள்ளைக்காரர்கள் வருவது நின்றுபோனது. "சாமான் எல்லாம் சும்மா கெடக்குது மச்சான். நீங்க ரெண்டு பேரும் வாங்க. இந்தத் தடவ பாறைக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றான் சுழியோடி.

அம்மாவிடம் சொன்னபோது அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கடலுக்கா? இந்தக் காலத்துலயா?"

"சும்மா குளிக்கத்தாம்மா."

"ஆத்துல இல்லாத தண்ணியா?" என்றார். பிறகு, "ஐடென்டிய மறக்காம எடுத்துக்க," என்று சொல்லிவிட்டு மறுபடி ஊத ஆரம்பித்தார்.

விடிந்ததும் முஸ்லிம் நண்பனின் கடைக்குச் சாமான் ஏற்றும் வான் வண்டியில் புறப்பட்டோம். பெல்மதுளை தாண்டி, எம்பிலிப்பிட்டிய வழியாகக் கீழே இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போய்ப் புழுக்கம் ஏறியது. வண்டியில் பாட்டுக் கெசட் ஒன்று தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் சோதனைச் சாவடி கண்ணில் பட்டவுடன் வண்டி ஓட்டிய நண்பன் அதை நிறுத்தினான். நான் சொல்லவில்லை, அவனாகவே நிறுத்தினான். அதற்குப் பிறகு அதைத் திரும்பப் போடவில்லை.

மாத்தறைக்கு முன்னால் இன்னொரு சாவடி. ஒரு சிப்பாய் இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கினான். என்னுடையதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கள் அட்டையில் தமிழ் எழுத்தும் இருக்கும், அதனால் பெயரைப் படிப்பதற்கு முன்பே தமிழன் என்று தெரிந்துவிடும்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

"முஹுதே நான்ன," என்றேன். கடலில் குளிக்க.

"ரத்னபுர பக்கம் ஆறு இல்லையா?"

அம்மா கேட்ட அதே கேள்வி. நண்பன் சிரித்தான், நானும் சிரித்து வைத்தேன், சிப்பாய் சிரிக்கவில்லை. அட்டையைத் தந்துவிட்டு, வான் நகர்ந்த பிறகும் வண்டியின் பின்பக்கத்தையே அவன் பார்த்துக்கொண்டு நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

வெலிகமவில் சுழியோடி எங்களுக்காகக் கடற்கரையில் காத்திருந்தான். கடல் அன்று எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. மீன்பிடி வள்ளங்கள் ஒன்றையும் காணோம். எங்கே எல்லோரும் என்று கேட்டதற்கு, "நேவி ஆட்கள் காலையில போக வேணாம்னு சொல்லியிருக்காங்களாம்," என்றார் படகுக்காரர். வயதான மனிதர், சுழியோடியின் படகை ஓட்டுபவர். "நம்மளுக்குப் பிரச்சின இல்ல. நான் முந்தாநாளே முகாம்ல போய்ச் சொல்லிட்டேன். அங்க இருக்கிற ஆபிசர் மாத்தயாவ எனக்குத் தெரியும்," என்றான் சுழியோடி. சொன்னானே தவிர, உடைகளை மாட்டும்போது இரண்டு மூன்று தடவை கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். போகாமல் விட்டிருக்கலாம். வெகுநாள் காத்திருந்த ஆசை, நாலு மணி நேரம் வானில் வந்த களைப்பு, நண்பன் தெரியும் என்று சொன்ன தைரியம். போனோம்.

பாறை கடலுக்கு மேலே தெரியாது. படகை நிறுத்தி, இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டி, முதுகில் சிலிண்டரோடு பின்புறமாகச் சாய்ந்து விழுந்தோம். விழுவதற்கு முன் படகுக்காரர் என்னிடம் மெதுவாகச் சிங்களத்தில், "மாத்தயா, மேலே வந்ததும் தமிழில் பேச வேண்டாம், தண்ணீரில் சத்தம் தூரம் போகும்," என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. மழை வரும், குடையை எடுத்துக்கொள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஆற்று மடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியைத் தொட்டுவிட்டு மேலே ஓடி வருவோம். இங்கே ஓடி வரத் தேவையில்லை. கீழே போய்க்கொண்டே இருக்கலாம். சிவப்பு நிறம் முதலில் போனது. என் கையே சாம்பலாகத் தெரிந்தது. பாறை இருட்டுக் கட்டடம்போல எதிரே எழுந்து நின்றது. அதன் மேல் மஞ்சள் மீன்கள் மொத்தமாக ஒரு பக்கம் திரும்பி, மொத்தமாக மறுபக்கம் திரும்பின. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கடைக்கார நண்பன் கண்ணாடிக்குள்ளிருந்து கண்களை அகல விரித்து என்னைப் பார்த்துத் தலையாட்டினான். வந்தது வீண்போகவில்லை என்று நானும் தலையாட்டினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

காதில் கேட்டது என்று சொல்ல முடியாது. நெஞ்செலும்பில் யாரோ முஷ்டியால் தட்டியதுபோல இருந்தது. டும். மீன்கள் எல்லாம் ஒரே கணத்தில் பாறை இடுக்குகளுக்குள் போய்விட்டன. எதிரே வெறும் தண்ணீர். எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் சத்தத்துக்குத் திசை கிடையாது. சுழியோடி கையை நீட்டி எங்களை நிறுத்தினான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி டும். இந்தத் தடவை பல் கிட்டியது. சிலிண்டர் முதுகில் மணிபோல லேசாக அதிர்ந்தது.

துறைமுகங்களுக்குப் பக்கத்தில் கடற்படையினர் நீரில் சிறு வெடிகளைப் போடுவார்கள் என்று அவன் முன்பு எப்போதோ சொல்லியிருந்தான். அடியில் ஆள் இருந்தால் குடல் கிழிந்துவிடும். காலித் துறைமுகத்தில் போட்டால் வெலிகமவிலும் கேட்கும். இது காலியிலா, நம் தலைக்கு மேலா? அவனுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அவன் கண்களில் தெரிந்தது. ஆற்று மடுவில் எங்களைவிட ஆழம் போகிற அவனுடைய கண்களை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

பயத்தில் மூச்சு வேகமாகப் போனது. காற்று மானியில் முள் நான் பார்க்கப் பார்க்க இறங்கியது. சுழியோடி அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் தோளை அழுத்தி, மெதுவாக விடு என்று கையால் காட்டினான். பிறகு மேலே போகலாம் என்று கட்டை விரலை உயர்த்தினான். உடனே பாய்ந்து மேலே போய்விட முடியாது, நுரையீரலுக்கு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்று காத்திருக்க வேண்டும். அப்படி நின்றபோது மேலே பார்த்தேன். எங்கள் படகின் அடிப்பாகம் நீல நிறம். தலைக்கு மேலே அது இல்லை. அதைவிடப் பெரிய, சாம்பல் நிறமான ஓர் அடிப்பாகம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு சுழலிகள். அவை சுற்றவில்லை.

எங்கள் மூச்சுக் குமிழிகள் நேராக அதன் பக்கத்தில் போய் உடைந்துகொண்டிருந்தன. ஒளிந்துகொள்ள இடமில்லை. சுழியோடி எங்கள் இருவரையும் பார்த்து, இங்கேயே நில்லுங்கள் என்று காட்டிவிட்டு, உள்ளங்கைகளை விரித்தபடி தனியாக மேலே போனான். அவன் கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன. கடைக்கார நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உதடுகள் வாய்க்குழாயைச் சுற்றி அசைந்துகொண்டிருந்தன. ஓதிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கால்கள் இரண்டு முறை உதைத்தன. பிறகு சுழியோடியின் கை தண்ணீருக்குள் வந்து, வாருங்கள் என்று அழைத்தது.

மேலே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. படகின் விளிம்பில் மூன்று துப்பாக்கிகள்.

"அத் உஸ்ஸபங்!" கையைத் தூக்கு என்று கத்தினார்கள்.

தூக்கினேன். தூக்கியவுடன் மூழ்க ஆரம்பித்தேன். இடுப்பில் ஈயம், முதுகில் சிலிண்டர். மிதக்க வேண்டுமானால் தோளுக்குப் பக்கத்தில் தொங்குகிற குழாயின் பொத்தானை அழுத்தி மேலங்கிக்குள் காற்றை நிரப்ப வேண்டும். கை அந்தப் பொத்தானுக்குப் போனால் அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். நெஞ்சில் எதையோ கட்டிக்கொண்டு வந்தவன் பொத்தானை அழுத்தப் போகிறான். கையைத் தூக்கினால் மூழ்கிவிடுவேன், இறக்கினால் சுட்டுவிடுவார்கள். கால்களை மட்டும் அடித்தேன். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. தலை அமிழ்ந்து, வெளியே வந்து, மறுபடி அமிழ்ந்தது.

"ஹுலங்! ஹுலங்!" என்று சுழியோடி சிங்களத்தில் கத்துவது கேட்டது. "காற்று, சேர், காற்று மட்டும்தான்! போடாவிட்டால் செத்துப்போவான்! நான் போடுகிறேன், என் கையைப் பாருங்கள், என் கையை மட்டும் பாருங்கள்!"

ஒரு கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, மற்றக் கையை எல்லோரும் பார்க்கும்படி மெதுவாக நீட்டி, என் தோளில் இருந்த பொத்தானை அவன்தான் அழுத்தினான். மேலங்கி உப்பி என் கழுத்தை நெரித்துத் தூக்கியது. யாரும் சுடவில்லை.

எங்களை மேலே இழுத்துப் போட்டார்கள். எங்கள் நீலப் படகு தூரத்தில் இன்னொரு கடற்படைப் படகோடு கட்டப்பட்டிருந்தது. படகுக்காரர் அதில் குந்தியிருந்தார். கரைக்குக் கொண்டுபோய், தென்னந்தோப்புக்குள் இருந்த முகாமில் ஈர உடையோடு தனித்தனியாக உட்கார வைத்தார்கள். சுழியோடிக்குத் தெரிந்த மாத்தயா முந்தின நாள் லீவில் போயிருந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவரிடம் எங்களைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

புதிதாக வந்தவர் இளம் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. என் அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தோட்டத்து ஆள். வாத்தியார். கடலுக்கு அடியில் என்ன வேலை?"

நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். ஆற்றங்கரை நட்பு, பழகிய விதம், எல்லாம்.

"சிங்களம் நன்றாகப் பேசுகிறாய். இவ்வளவு நன்றாக எங்கே படித்தாய்?"

எங்கள் பக்கம் எல்லோருமே பேசுவோம் என்றேன். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் அது இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது. வாழ்நாளெல்லாம் எனக்கு உதவிய பாஷை அந்த அறையில் எனக்கு எதிராகப் போய் நின்றது. அவர் எழுந்து வெளியே போனார். ஓப்பநாயக்கப் பக்கத்துப் பொலிசுக்குச் சொல்லி, என் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெயில் சாய ஆரம்பித்தபோது திரும்பி வந்தார். கதவை மூடினார்.

"உன் அம்மாவிடம் கேட்டார்கள். மகனுக்கு நீந்தவே தெரியாது என்கிறார்."

அவர் நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"நீந்தத் தெரியாதவனை நான் கடலுக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறேன். உன் அம்மா பொய் சொல்கிறாரா, நீ சொல்கிறாயா? அல்லது நீ அவர் மகனே இல்லையா?"

அம்மா பொய்தான் சொல்கிறார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவரையும் அழைத்துப் போவார்களோ? "அம்மா பயந்துவிட்டார், சேர்," என்று மட்டும் சொன்னேன். "எதற்குப் பயம்?" என்று கேட்டார்.

அதே நேரத்தில் தோட்டத்தில் நடந்ததை அம்மா பிறகு பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொலிஸ் ஜீப் லயத்துக்கு முன்னால் வந்து நின்றதாம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா அப்போதுதான் வந்திருக்கிறார். மகன் தண்ணீருக்குள் போவானா, நீந்துவானா என்று கேட்டிருக்கிறார்கள். "தண்ணிக்குள்ள போறவங்களத்தான் புடிக்கிறாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்கல்ல. நீஞ்சுவான்னு சொன்னா ஒன்னயக் கொன்னுருவாங்கன்னு நெனச்சேன். அதான் தெரியாதுங்கன்னு சொன்னேன். வாயி தானா தெரியாதுங்க, தெரியாதுங்கன்னு சொல்லுது."

பொலிசார் அந்தப் பதிலை எழுதிக்கொண்டு ஆற்றைச் சுற்றி அக்கரைக்குப் போயிருக்கிறார்கள், சுழியோடியின் வீட்டை விசாரிக்க. அவனுடைய தாய்க்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. விசாரிக்க வந்த சார்ஜண்டைப் பார்த்து, "இந்த மூன்று பேரையும் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீரிலிருந்து கொய்யாக் கம்பால் அடித்து விரட்டியவளே நான்தான்," என்றிருக்கிறார். தோட்டத்துப் பிள்ளையின் அம்மா அவனுக்கு நீந்தத் தெரியாது என்கிறாரே என்று சார்ஜண்ட் சொன்னதும், செருப்பை மாட்டிக்கொண்டு அதே ஜீப்பில் ஏறி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார். வந்து எங்கள் வாசலில் நின்று அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நங்கி, எத்த கியன்ன," என்றாராம். தங்கச்சி, உண்மையைச் சொல்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். சார்ஜண்டைப் பார்த்தார். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார். "நீஞ்சுவான்," என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

முகாமில் தொலைபேசி மணி அடித்தது பக்கத்து அறையில் கேட்டது. அதிகாரி போய்ப் பேசிவிட்டு வர வெகுநேரம் ஆனது. வந்தவர் என் அட்டையை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"போகலாம். இந்தப் பக்கக் கடலில் உன்னை மறுபடி பார்க்கக் கூடாது."

சரி சேர் என்றேன். வெளியே கடைக்கார நண்பன் வானுக்குப் பக்கத்தில் சட்டையில்லாமல் நின்றிருந்தான். அவனை ஒரு சிப்பாய் கன்னத்தில் அறைந்திருந்தான். நான் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, ஏறு," என்றான். சுழியோடியின் சிலிண்டர்களையும் படகையும் முகாமில் வைத்துக்கொண்டார்கள். அவன் எங்களோடு வானில் ஏறவில்லை. படகுக்காரர் இன்னும் வெளியே வராததால் அவருக்காக வாசலில் உட்கார்ந்துகொண்டான். அவரையும் சற்றுப் பிந்தி விட்டுவிட்டார்கள் என்று நாங்கள் வழியில் இருக்கும்போது தொலைபேசியில் சொன்னான். திரும்பும் வழியில் சாவடிகளில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்காமல் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தலையைத் தொட்டு, "உப்பா இருக்கு, போய்த் தலைக்கு ஊத்து," என்றார். வெந்நீர் வைத்திருந்தார்.

அதோடு முடியவில்லை. அந்த ஆண்டு முழுவதும், முன்னறிவிப்பில்லாமல் சிவில் உடையில் யாராவது மோட்டார் சைக்கிளில் வருவார்கள். வாத்தியார் இருக்கிறாரா, பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மணிக்கு வருவார் என்று பக்கத்துக் காம்பரா வீட்டில் கேட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாடசாலையிலிருந்து வரும்போது, ஆட்களைக் கடத்துவதாகச் சொல்லப்பட்ட வெள்ளை வான் ஏதாவது மெதுவாகப் போனால் நான் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். ஆற்றுக்கு யாரும் போகவில்லை.

சுழியோடி தன் பொருட்களைத் திரும்பப் பெறப் பல தடவை அலைந்தான். கிடைக்கவில்லை. கடைசியில் வெலிகம இடத்தைக் கொடுத்துவிட்டு மாலைதீவுக்கே போனான். போவதற்கு முன் அம்மாவைப் பார்க்க லயத்துக்கு வந்தான். தன்னால்தான் இவ்வளவும் என்று சொல்லத் தொடங்கினான். அம்மா அவனைப் பேசவிடவில்லை, ரொட்டியும் சம்பலும் வைத்துச் சாப்பிடச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டான்.

அடுத்த ஆண்டு ஒரு பகலில் கடைவீதி முழுக்கப் பட்டாசு வெடித்தது. போர் முடிந்துவிட்டது என்று லொறிகளில் கொடியோடு போனார்கள், பாற்சோறு பகிர்ந்தார்கள். நான் அப்போது நண்பனின் கடையில் இருந்தேன். அவன் கதவைப் பாதி இழுத்துவிட்டு, உள்ளே வந்து ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே என் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மாலைதீவிலிருந்து அழைப்பு வந்தது.

"இனிப் பிரச்சின இல்ல மச்சான்," என்றான் சுழியோடி. "நான் லீவுல வர்றேன். மூணு பேரும் போவோம்."

"பாப்போம்," என்றேன்.

ஒரு சரம் கடை வாசலிலேயே வந்து விழுந்து வெடித்தது. நண்பன் எழுந்து போய் மீதிக் கதவையும் இழுத்துச் சாத்தினான்.